சேப்பாக்கம்: மைதானம் யாருடையது?

கேள்வி

வடக்கே வாலாஜா சாலை, மேற்கே பெல்ஸ் சாலை, கிழக்கே பக்கிங்காம் கால்வாய். இவற்றுக்கு நடுவே இருக்கிறது சென்னையின் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம். அதன் இன்றைய பெயர் எம்.ஏ. சிதம்பரம் ஸ்டேடியம். பேச்சு வழக்கில் அது என்றைக்கும் சேப்பாக்கம்தான். இந்தியாவில் டெஸ்ட் ஆட்டம் நடந்த மூன்றாவது மைதானம் இது. 1933 டிசம்பரில் பம்பாய் ஜிம்கானா, 1934 ஜனவரியில் கல்கத்தா ஈடன் கார்டன்ஸ், அதற்கடுத்த மாதம் சேப்பாக்கம். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமும், இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியும், டெஸ்ட் வரலாற்றின் இரண்டாவது 'டை'யும் இதே மண்ணில் நிகழ்ந்தவை.

சேப்பாக்கத்தின் வரலாறு வழக்கமாக இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. வெள்ளைக்காரர் கிளப் ஒன்று போட்ட விதை, நூற்றைம்பது ஆண்டுகளாக அறுபடாமல் வளர்ந்து இன்றைய மைதானமாக நிற்கிறது என்பது ஒரு கதை. பெவிலியனுக்குள் விடப்படாத இந்தியர்கள் படிப்படியாக அந்த இடத்தைத் தமதாக்கிக்கொண்டார்கள் என்பது மற்றொன்று. முதலாவதன் ஆதாரம் கிளப்பின் தொடர்ச்சி, இரண்டாவதன் ஆதாரம் ஆட்டக்காரர்களின் சாதனை. இரண்டும் பொய்யல்ல. ஆனால் இரண்டும் ஒரு கேள்வியைத் தொடுவதில்லை: ஆடப்பட்ட நிலம் யாருடையது, அதில் யார் யாருக்கு இடம் கொடுத்தார்கள்? அந்தக் கேள்வியோடு பார்க்கும்போது, வழக்கமான வரலாறுகள் ஓரிரு வரியில் கடந்துபோகும் 1956-65 காலகட்டம் கதையின் நடுவே வந்து நிற்கிறது. அந்தப் பத்தாண்டுகளில் சென்னையின் டெஸ்ட் ஆட்டங்கள் சேப்பாக்கத்தில் நடக்கவே இல்லை.

நவாபின் தோட்டம்

கர்நாடக நவாப் முகம்மது அலி வாலாஜா 1768இல் சேப்பாக்கம் அரண்மனையை அமைத்தார். கோட்டைக்கு அருகே கிழக்கிந்தியக் கம்பெனியின் பாதுகாப்பில் இருக்க விரும்பியே அவர் ஆர்க்காட்டிலிருந்து இங்கே வந்தார். அரண்மனையைக் கட்டியவராக வழக்கமாகக் குறிப்பிடப்படும் பால் பென்ஃபீல்டு, நவாபுக்குப் பெருந்தொகை கடன் கொடுத்து அதைக் கொண்டே செல்வம் குவித்த கம்பெனிக்காரர்களில் பேர்போனவர். அந்தக் கடன் விவகாரம் 1785இல் எட்மண்ட் பர்க்கின் பேச்சால் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போயிற்று. கலச மகால், ஹுமாயூன் மகால் என்ற இரு கட்டடங்களைச் சுற்றிச் சுமார் 117 ஏக்கர் மதில் சூழ்ந்த வளாகமாக இருந்தது. இன்றைய மைதானம் அதன் ஒரு துண்டு.

1801 உடன்படிக்கையோடு கர்நாடகத்தின் ஆட்சி கம்பெனியின் கைக்குப் போயிற்று. நவாபுக்குப் பட்டமும் அரண்மனையும் மிஞ்சின. 1855இல் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி இறந்தபோது பட்டமும் ஒழிக்கப்பட்டது. கடனைக் காரணம் காட்டி அரண்மனை ஏலத்துக்கு வந்தது. 1859இல் அரசே அதை எடுத்துக்கொண்டது. நவாபின் குடும்பம் பிற்காலத்தில் ராயப்பேட்டை அமீர் மகாலுக்குக் குடிபோனது. மகால்கள் அரசு அலுவலகங்களாயின. இரண்டுக்கும் இடையே ராபர்ட் சிஷோம் ஒரு கோபுரத்தை எழுப்பினார்.

அரண்மனைக்கும் மைதானத்துக்கும் குறுக்கே ஓடும் கால்வாய் இவற்றுக்குப் பிந்தியது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. பட்டினி கிடந்தவர்களின் உழைப்பில் உருவான அந்த நீர்வழி நவாபின் பழைய தோட்டத்தை இரண்டாகப் பிரித்தது. நூறாண்டுக்குப் பின் கிரிக்கெட் எழுத்திலும் அதற்கு ஓர் இடம் கிடைத்தது, நாற்றத்துக்காக.

கிளப் வருகிறது

மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846இல் தொடங்கப்பட்டது. அதை நிறுவியவராகச் சொல்லப்படுபவர் அலெக்சாண்டர் ஆர்பத்நாட் என்ற அரசு அதிகாரி. தொடக்கத்தில் ஆட்டம் தீவுத்திடலில் நடந்தது. 1865இல் நவாபின் தோட்டத்தில் ஒரு பகுதியைப் பயன்படுத்தக் கிளப்புக்கு அரசின் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டிலேயே ஒரு சிறு பெவிலியன் எழுந்தது. 1890களில் ஹென்றி இர்வின் வடிவமைத்த பெரிய பெவிலியன் அதன் இடத்தைப் பிடித்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, கிளப் நிலத்தை விலைக்கு வாங்கவில்லை என்பது. நவாபிடமிருந்து அரசு எடுத்த நிலத்தை, அரசை நடத்தியவர்களும் அவர்களோடு தொழில் செய்தவர்களும் சேர்ந்து அமைத்த கிளப் அனுபவித்தது. கொடுத்தவரும் பெற்றவரும் ஏறக்குறைய ஒரே வட்டம். அந்த வட்டம் நிலைத்திருந்தவரை, சொந்தம் என்பதற்கும் அனுபவம் என்பதற்கும் உள்ள வேறுபாடு யாரையும் உறுத்தவில்லை. அந்த வேறுபாடு பின்னால் உறுத்தத் தொடங்கியதே இருபதாம் நூற்றாண்டுச் சேப்பாக்கத்தின் கதை.

மரத்தடியும் பெவிலியனும்

'தென்னிந்திய கிரிக்கெட்டின் தந்தை' எனப்படும் புச்சி பாபு நாயுடு (1868-1908) மயிலாப்பூர் லஸ் ஹவுஸில் வளர்ந்தவர். பாரி கம்பெனியின் துபாஷியாக இருந்த குடும்பம் அது. சேப்பாக்கத்தில் இந்தியர்கள் பெவிலியனுக்குள் அனுமதிக்கப்படாமல் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது என்றும், அந்த அவமானமே 1888இல் அவரை மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கவைத்தது என்றும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது.

இது வாய்மொழியாக வந்த கதை. ஒரு நிறுவனத்தின் பிறப்பை ஒரே ஓர் அவமானத்தோடு முடிச்சுப்போடுவது இத்தகைய கதைகளின் இயல்பு. அதைச் சொல்லுக்குச் சொல் நம்ப வேண்டியதில்லை. ஆனால் அது சுட்டும் நிலைமையை மறுக்க முடியாது. ஒரு கிளப்பின் பெவிலியன் அதன் உறுப்பினர்களுக்கானது. உறுப்பினராகும் தகுதியோ நிறத்தில் இருந்தது. மரத்தடிக் கதை நிகழ்ச்சியாக உண்மையோ இல்லையோ, அந்த விதியின் துல்லியமான படம். புச்சி பாபு செய்ததிலும் அந்தப் புரிதல் தெரிகிறது. அவர் பெவிலியனில் இடம் கேட்டுப் போராடவில்லை. எஸ்பிளனேடு பகுதியில் வேறொரு களத்தை உருவாக்கி, ஆட்டக்காரர்களைப் பயிற்றி, சமமான எதிரணியாகச் சேப்பாக்கத்துக்குள் போக ஏற்பாடு செய்தார்.

அந்த ஏற்பாடுதான் பிரெசிடென்சி மேட்ச்: ஐரோப்பியர் ஒரு பக்கம், இந்தியர் மறுபக்கம். 1908 டிசம்பரில் முதல் ஆட்டம் நடக்கவிருந்த சமயத்தில் புச்சி பாபு இறந்துபோனார். ஆட்டம் நடந்தது. 1915-16 முதல் அது ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டி நடக்கும் நிகழ்ச்சியானது. பொங்கல் என்றால் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் என்ற சென்னை வழக்கத்துக்கும், பிற்காலத்தில் 'பொங்கல் டெஸ்ட்' என்ற பெயருக்கும் வேர் இங்கே இருக்கிறது. உழவர் திருநாளுக்கும் கிரிக்கெட்டுக்கும் வேறு உறவு எதுவும் இல்லை.

பம்பாயோடு ஒப்பிட்டால் இந்த ஆட்டத்தின் தனித்தன்மை விளங்கும். அங்கே அணிகள் மதத்தால் பிரிந்தன: பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள், ஐரோப்பியர், பின்னர் 'மற்றவர்கள்'. தேசிய இயக்கம் வளர வளர அந்தப் பிரிவினை கண்டனத்துக்கு உள்ளானது. 1940இல் காந்தியும் அதற்கு எதிராகக் கருத்துச் சொன்னார். 1946இல் பம்பாய்ப் போட்டி கைவிடப்பட்டது. சென்னையின் இந்திய அணியில் மதப் பிரிவு இல்லை. ஆகவே அந்தக் கண்டனம் இங்கே ஒட்டவில்லை. ஆனால் ஆள்பவர்-ஆளப்படுபவர் என்ற பிரிவு பம்பாயைவிட இங்கே அப்பட்டமாக இருந்தது. வியப்பு என்னவென்றால், அந்தப் பிரிவு விடுதலைக்குப் பிறகும் நீடித்தது. பிரெசிடென்சி மேட்ச் நின்றது 1952இல்தான். அந்த ஆட்டத்தின் நட்புணர்வைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இந்த ஐந்தாண்டு நீட்டிப்புக்கு விளக்கம் சொல்வதில்லை. கிளப்பின் உரிமை அப்படியே இருக்கும்வரை அதன் நாள்காட்டியும் அப்படியே இருந்தது என்பதே பொருந்தும் விளக்கம்.

1934 முதல் 1952 வரை

1934 பிப்ரவரி 10ஆம் தேதி சேப்பாக்கத்தின் முதல் டெஸ்ட் தொடங்கியது. டக்ளஸ் ஜார்டைனின் இங்கிலாந்து 202 ரன்களில் வென்றது. அமர் சிங் 86 ரன்களுக்கு 7 விக்கெட்டுகளும், ஹெட்லி வெரிட்டி 49 ரன்களுக்கு 7 விக்கெட்டுகளும் எடுத்தனர். அதே ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நடந்து ஒரே நாளில் முடிந்தது. மைசூர் 48, 59. சென்னை 130. ஏ.ஜி. ராம் சிங் 11 விக்கெட் சாய்த்தார். முதல் பந்தை வீசிய எம்.ஜே. கோபாலன் ஹாக்கியிலும் நாட்டுக்காக ஆடியவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகாமல் கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து சென்றவர். சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே 1952-53இல் தொடங்கிய கோப்பைப் போட்டி அவர் பெயரைத் தாங்கியது. இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைக்க இன்னும் முப்பதாண்டு இருந்த காலம் அது.

1949 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகள் ஓர் இன்னிங்ஸும் 193 ரன்களும் வித்தியாசத்தில் வென்றன. தொடர்ந்து ஐந்து இன்னிங்ஸ்களில் சதமடித்திருந்த எவர்டன் வீக்ஸ் அந்த ஆட்டத்தில் 90 ரன்களில் ரன் அவுட் ஆனார். 1952 பிப்ரவரியில் காற்று திசைமாறியது. வினு மன்கட் 8 விக்கெட்டும் 4 விக்கெட்டுமாகப் பன்னிரண்டு பேரை வெளியேற்ற, பங்கஜ் ராயும் பாலி உம்ரிகரும் சதமடிக்க, விஜய் ஹசாரேயின் அணி இங்கிலாந்தை இன்னிங்ஸும் 8 ரன்களும் வித்தியாசத்தில் தோற்கடித்தது. இந்தியா ஆடிய 25ஆவது டெஸ்டில் வந்த முதல் வெற்றி அது. ஆட்டம் தொடங்கிய பிப்ரவரி 6ஆம் தேதியன்று லண்டனில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்தார். இந்த ஒற்றுமையில் ஒரு யுகத்தின் முடிவைக் காணும் எழுத்துகள் உண்டு. ஆனால் மைதானத்தைப் பொறுத்தவரை எந்த யுகமும் முடியவில்லை. பெவிலியன் கிளப்புடையது. மரங்கள் சூழ்ந்த திடலில் டெஸ்டுக்கென எழுந்த இருக்கைகள் தற்காலிகமானவை. மாகாணக் கிரிக்கெட்டை நிர்வகித்த மெட்ராஸ் கிரிக்கெட் சங்கம் அங்கே விருந்தாளி. அந்த ஆண்டின் இறுதியில் பாகிஸ்தானுக்கு எதிராக நடந்த டெஸ்டோடு சேப்பாக்கத்தின் முதல் கட்டம் முடிந்தது. நான்கே டெஸ்டுகள்.

மாநகராட்சியின் மைதானத்தில் ஒன்பது டெஸ்டுகள்

1956 ஜனவரியில் நியூசிலாந்து வந்தபோது ஆட்டம் மாநகராட்சி ஸ்டேடியத்தில் நடந்தது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் பின்னால் இருக்கும் அந்த இடத்தின் முன்கதை சேப்பாக்கத்துக்கு நேர் எதிரானது. சேப்பாக்கம் அரண்மனையை அரசு எடுத்துக்கொண்ட அதே 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரவெலியன், நெரிசலான கறுப்பர் நகரத்து மக்கள் காற்று வாங்குவதற்கென ஒரு பூங்காவைத் திட்டமிட்டார். சுமார் 116 ஏக்கரில் அமைந்த அதற்குப் பெயர் பீப்பிள்ஸ் பார்க். மக்கள் அதை உயிர் காலேஜ் இருக்கும் இடமாக அறிந்திருந்தார்கள். அங்கிருந்த உயிரியல் பூங்காவுக்கு ஊரார் வைத்த பெயர் அது. பரப்பில் ஏறக்குறைய சமமான இரண்டு வளாகங்களில் ஒன்று கிளப்புக்கும் மற்றொன்று பொதுமக்களுக்குமாகப் பிரிந்தன. பூங்காவும் துண்டு துண்டாகக் கரைந்தது. மூர் மார்க்கெட், விக்டோரியா பப்ளிக் ஹால், ரிப்பன் மாளிகை என ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொண்டது. மீந்ததில் ஒரு பகுதியில் மாநகராட்சி ஸ்டேடியம் அமைந்தது. பின்னாளில் அதற்கு நேருவின் பெயர் சூட்டப்பட்டது.

மாற்றத்தின் காரணம் பற்றி இரண்டு விளக்கங்கள் உலவுகின்றன. இருக்கை வசதி ஒன்று. கிளப்புக்கும் சங்கத்துக்கும் இடையிலான அதிகாரம் மற்றொன்று. இவற்றை எதிரெதிர் விளக்கங்களாக நிறுத்துவதில் பொருளில்லை. நிரந்தர இருக்கை கட்ட வேண்டுமானால் நிலத்தின்மேல் நீண்டகால உரிமை வேண்டும். சேப்பாக்கத்தில் சங்கத்துக்கு அது இல்லை. டிக்கெட் வருமானத்தை நம்பி வாழும் சங்கத்துக்கும் உறுப்பினர் சந்தாவை நம்பி வாழும் கிளப்புக்கும் ஒரே மைதானத்திலிருந்து வேண்டியவை வேறுவேறு. இருக்கைப் பிரச்சினையே உரிமைப் பிரச்சினைதான்.

இந்த ஒன்பது டெஸ்டுகளை ஒரு தற்செயல் இடைவெளியாக ஒதுக்குவது கிரிக்கெட் நோக்கிலும் சரியல்ல. முதல் டெஸ்டிலேயே மன்கட்டும் (231) ராயும் (173) முதல் விக்கெட்டுக்கு 413 ரன்கள் சேர்த்தார்கள். தொடக்க ஜோடிக்கான அந்த உலக சாதனை 2008 வரை 52 ஆண்டு நின்றது. 1956 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் லிண்ட்வாலும் பெனோவும் ஆளுக்கு ஓர் இன்னிங்ஸில் ஏழு விக்கெட் எடுத்து இந்தியாவைச் சுருட்டினார்கள். 1961இல் பாகிஸ்தானுக்கு எதிராகப் போர்டே 177 ரன்களோடு ஆட்டமிழக்காமல் நின்றார். 1962 ஜனவரியில் இளைய பட்டோடியின் சதமும் சலீம் துரானியின் பத்து விக்கெட்டும் இங்கிலாந்துக்கு எதிரான முதல் தொடர் வெற்றியை முழுமையாக்கின. 1964 ஜனவரியில் பாபு நட்கர்ணி முதல் இன்னிங்ஸில் 32 ஓவர் வீசி 27ஐ மெய்டனாக்கி 5 ரன் மட்டும் கொடுத்தார். தொடர்ந்து 131 பந்துகளில் அவரிடமிருந்து ஒரு ரன்னும் எடுக்க முடியவில்லை.

மன்கட்டின் 231 டெஸ்டில் இந்தியரின் தனிநபர் உச்சமாகவும் நீண்டநாள் இருந்தது. 1983 டிசம்பரில் அதைச் சுனில் கவாஸ்கர் 236 ரன்களோடு தாண்டியதும் சென்னையில்தான், சேப்பாக்கத்தில். சாதனைப் பட்டியல்கள் இரண்டையும் 'சென்னை' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. அந்த ஒற்றைச் சொல்லில் மாநகராட்சி ஸ்டேடியம் காணாமல் போய்விடுகிறது. சேப்பாக்கத்தின் அறுபடாத தொடர்ச்சி என்ற எண்ணம் பாதி இந்த மறைவினால் உண்டானது.

திரும்புதலும் கான்கிரீட்டும்

1967 ஜனவரியில், பொங்கல் சமயத்தில், டெஸ்ட் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. மேற்கிந்தியத் தீவுகளின் பந்துவீச்சை முதல் நாள் உணவு இடைவேளைக்குள் ஃபரூக் எஞ்சினியர் வெளுத்து 94 ரன் எடுத்திருந்தார். கடைசி நாளில் சோபர்ஸும் கிரிஃபித்தும் தடுத்தாடி ஆட்டத்தை டிரா செய்தார்கள். ஆனால் திரும்பிவந்த இடம் பழைய சேப்பாக்கமாக நீடிக்கவில்லை. சங்கத்தின் தலைவராகவும் 1960 முதல் 1963 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராகவும் இருந்த தொழிலதிபர் எம்.ஏ. சிதம்பரத்தின் காலத்தில் மைதானம் சங்கத்தின் ஸ்டேடியமாக மாறத் தொடங்கியது. மரங்கள் இருந்த இடத்தில் கான்கிரீட் கேலரிகள் எழுந்தன. கூரையைத் தாங்கிய தூண்கள் பார்வையை மறைத்தன. எந்தத் தூணுக்குப் பின்னால் எந்த இருக்கை என்பது ஊரின் பொது அறிவாயிற்று. மைதானத்துக்குச் சிதம்பரத்தின் பெயர் வைக்கப்பட்டது. கிளப் விருந்தோம்பியவர் என்ற நிலையிலிருந்து, தன் வளாகத்தோடு உடனிருப்பவர் என்ற நிலைக்கு வந்தது.

இந்த மாற்றத்தைப் பொதுவுடைமையாக்கம் என்று வாசிக்கலாமா? ஓரளவுக்குத்தான். நிறம் இனி நுழைவுத் தகுதி இல்லை. ஆனால் மைதானம் மாநகராட்சியிடமோ அரசின் நேரடிப் பொறுப்பிலோ இல்லாமல், இணைப்புக் கிளப்புகளால் ஆன ஒரு சங்கத்தின் கைக்குப் போயிற்று. நகரமே நடத்திய மைதானத்தில் டெஸ்ட் கிரிக்கெட் பத்தாண்டு இருந்துவிட்டு ஒரு சங்கத்தின் மைதானத்துக்கு நகர்ந்தது என்பதே நடந்ததன் நேரான விவரிப்பு. கைவிடப்பட்ட நேரு ஸ்டேடியம் 1993இல் நேரு கோப்பைக் கால்பந்துக்காக முற்றிலும் புதுப்பித்துக் கட்டப்பட்டது. 1995இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளை ஏற்றது. கிரிக்கெட் அதன் நினைவிலிருந்தும் அகன்றது.

அதன்பின் சேப்பாக்கத்தில் நடந்த ஆட்டங்கள் நன்கு அறியப்பட்டவை. 1975 பொங்கல் டெஸ்டில் ஆண்டி ராபர்ட்ஸின் வேகத்துக்கு எதிரே மொத்தம் 190 ரன்களில் விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் எடுத்த 97, சதமாகாத மிகச்சிறந்த ஆட்டங்களில் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது. 1986 செப்டம்பரின் 'டை' வெயிலோடும் கால்வாய் நாற்றத்தோடும் சேர்த்தே நினைக்கப்படுகிறது. வாந்தியெடுத்தபடி 210 ரன் அடித்த ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். ஐந்தாம் நாள் கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மனிந்தர் சிங்கை எல்.பி.டபிள்யூ. என்று நடுவர் விக்ரம்ராஜு அறிவிக்க ஆட்டம் சமனில் முடிந்தது. 1988இல் நரேந்திர ஹிர்வானி தம் முதல் டெஸ்டில் 136 ரன்களுக்கு 16 விக்கெட் எடுத்தார். இந்தியர் டெஸ்டில் அடித்த மூன்று முச்சதங்களில் இரண்டு, சேவாகின் 319ம் (2008) கருண் நாயரின் 303ம் (2016), இங்கேதான் வந்தன.

'விவரமறிந்த கூட்டம்'

சேப்பாக்கத்துக்கு ஆட்டத்தின் நுணுக்கம் தெரிந்த, எதிரணியையும் கைதட்டிப் பாராட்டும் கூட்டம் வாய்த்தது என்பது நிலைபெற்ற கருத்து. அதற்கு வலுவான சான்று 1999 ஜனவரி 31. 271 ரன் இலக்கைத் துரத்திய இந்தியா, டெண்டுல்கரின் 136க்குப் பிறகும் 12 ரன்களில் பாகிஸ்தானிடம் தோற்றது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றிவந்தார்கள். இது நடந்தது, பலர் கண்ணால் கண்டது.

ஆனால் ஒரு நாளின் நடத்தையை ஊரின் நிரந்தரக் குணமாக உயர்த்தும்போது எச்சரிக்கை வேண்டும். 2018 ஏப்ரல் 10ஆம் தேதி, காவிரி மேலாண்மை வாரியம் கோரிய போராட்டங்களின் நடுவே நடந்த ஐ.பி.எல். ஆட்டத்தில் மைதானத்துக்குள் செருப்பு வீசப்பட்டது. சென்னை அணியின் மீதி உள்ளூர் ஆட்டங்கள் புனேக்கு மாற்றப்பட்டன. 2013இல் இலங்கை வீரர்கள் சென்னையின் ஐ.பி.எல். ஆட்டங்களில் இடம்பெற முடியவில்லை. இவற்றைக் கிரிக்கெட்டுக்குள் புகுந்த அரசியல் என்று கடிந்துகொள்வது எளிது. மைதானம் பொது நிலத்தில் இருக்கிறது, ஆகவே பொதுத் துயரம் அதன் வாசலில் நிற்காது என்ற கோரிக்கையாகவும் இவற்றை வாசிக்க முடியும். கைதட்டிய கூட்டமும் எதிர்ப்புக் காட்டிய கூட்டமும் ஒரே ஊரைச் சேர்ந்தவை. டிக்கெட் யாருக்குக் கிடைத்தது, கிடைக்காதவர் எங்கே நின்றார் என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் 'சேப்பாக்கம் கூட்டம்' என்ற பொதுப்பெயரைக் கையாள்வது சரியல்ல. பட்டாபிராமன் கேட் பக்கத்தின் குரலும் அண்ணா பெவிலியன் பக்கத்தின் குரலும் ஒன்றல்ல. வானொலியின் தமிழ் வர்ணனை வழியே அப்துல் ஜப்பார் போன்றோரின் குரலில் சேப்பாக்கத்தைக் கண்டவர்களோ எந்த ஸ்டாண்டிலும் இடம்பெறாதவர்கள்.

பூட்டிய மூன்று ஸ்டாண்டுகள்

2011 உலகக் கோப்பையை ஒட்டி மைதானத்தின் ஒரு பகுதி இடித்துக் கட்டப்பட்டது. லண்டனின் ஹாப்கின்ஸ் நிறுவனமும் சென்னையின் நடராஜ் வெங்கட் நிறுவனமும் வடிவமைத்த புதிய ஸ்டாண்டுகளுக்குத் தூண் மறைக்காத, கம்பிகளில் தொங்கும் மெல்லிய துணிக்கூரை. நெடுங்காலக் குறை ஒன்று தீர்ந்தது. உடனே பழைய கேள்வி வேறு உருவில் எழுந்தது. ஐ, ஜே, கே என்ற மூன்று ஸ்டாண்டுகள் கட்டட விதிகளையும் அனுமதிகளையும் மீறியவை என்ற வழக்கில் பூட்டப்பட்டன. ஏறத்தாழ 12,000 இருக்கைகள் 2012க்குப் பிறகு பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. அருகிலிருந்த கிளப்பின் உடற்பயிற்சிக்கூடக் கட்டடம், இடைவெளி விதிகளின் காரணமாகச் சிக்கலின் மையமாக இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2019இல் சென்னையில் நடக்கவிருந்த ஐ.பி.எல். இறுதி ஆட்டம் இந்த மூன்று ஸ்டாண்டுகளைத் திறக்க முடியாததால் ஹைதராபாத்துக்குப் போயிற்று.

உலகின் பணக்கார விளையாட்டு வாரியம் ஒன்றின் கீழ் இயங்கும் மைதானத்தில், ஒரு கிளப் கட்டடத்துக்காக மூன்று ஸ்டாண்டுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்ததை நிர்வாகக் கோளாறு என்று மட்டும் சொல்லித் தள்ள முடியாது. நிலம் அரசுடையது, குத்தகை சங்கத்துடையது, உள்ளேயே கிளப்பின் கட்டடம், கட்டட அனுமதி மாநகர அமைப்புகளின் கையில். 1865 முதல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த உரிமைகளில் எதுவும் முற்றாக நீக்கப்படவில்லை. ஒவ்வொன்றும் அடுத்ததைத் தடுக்கும் அளவுக்கு உயிரோடிருந்தது. 1956இல் டெஸ்டை வெளியேற்றிய அதே முடிச்சுதான் இந்த முறை இருக்கைகளைப் பூட்டியது.

கிளப்பின் கட்டடம் அகற்றப்பட்ட பிறகு வழி பிறந்தது. 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிரான இரண்டாவது டெஸ்டில் அந்த ஸ்டாண்டுகள் பார்வையாளர்களுக்குத் திறந்தன. அந்த ஆட்டத்தில் சென்னைக்காரரான அஸ்வின் எட்டு விக்கெட்டும் ஒரு சதமும் எடுத்தார். 2023 மார்ச்சில் மேலும் ஒரு புதிய ஸ்டாண்டு கலைஞர் மு. கருணாநிதியின் பெயரில் திறக்கப்பட்டது. 2024 ஜூனில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான மகளிர் டெஸ்டில் ஷஃபாலி வர்மா 205, ஸ்மிருதி மந்தனா 149 எடுத்து முதல் விக்கெட்டுக்கு 292 ரன்கள் சேர்த்தனர். இந்தியா 6 விக்கெட்டுக்கு 603 ரன்களில் டிக்ளேர் செய்தது. மகளிர் டெஸ்டில் எந்த அணியும் அதுவரை எட்டாத மொத்தம் அது.

வாலாஜா சாலைக்கு இன்னமும் நவாபின் பெயர். மைதானத்துக்குச் சங்கத் தலைவரின் பெயர். நிலம் தமிழ்நாடு அரசுடையது. சங்கம் அதில் குத்தகைதாரர்.